துவாலு பயணம்: டிக்கெட் எடுப்பதில் தொடங்கித் திரும்பி வரும்வரை

பசிபிக் பெருங்கடலில் 9 தீவுகள், எல்லாம் சேர்ந்து 26 சதுர கிலோமீட்டர் நிலம், ஏறத்தாழ 11,000 மக்கள். அவர்களில் பாதிக்கு மேல் தலைநகர் ஃபுனாஃபூட்டியில் இருக்கிறார்கள். நாட்டில் எந்த இடமும் கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்தைத் தொடாது. ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர்தான் வெளியிலிருந்து வருகிறார்கள். அவர்களிலும் பலர் அலுவல் நிமித்தமாக வருபவர்கள்.

தூரத்தை நினைத்துத்தான் பலரும் மலைக்கிறார்கள். உண்மையில் தூரம் இங்கே பெரிய சிக்கல் இல்லை. விமானத்தை விட்டால் அடுத்தது சில நாள் கழித்துத்தான், அறைகள் கொஞ்சம், மருத்துவமனை ஒன்று, குடிநீர் பெரும்பாலும் மழைநீர். எதற்கும் மாற்று ஏற்பாடு அங்கே போய்த் தேடினால் கிடைக்காது. அதனால் ஏற்பாடுகளின் வரிசை முக்கியம்: முதலில் விமானம், அடுத்து அறை, பிறகு ரொக்கம், மருந்து. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

எந்த மாதம்

மே முதல் அக்டோபர் வரை கிழக்குக் காற்று சீராக வீசும், மழை குறைவு. முதல்முறை போகிறவர்களுக்கு இதுவே நல்ல காலம். குறைவு என்றாலும் மழை இல்லாமல் இருக்காது. ஃபுனாஃபூட்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மி.மீ. பெய்கிறது, குடையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கனமழையும் புயலும் வரக்கூடிய பருவம். படகுப் பயணங்கள் அடிக்கடி ரத்தாகும்.

ஆண்டின் தொடக்க மாதங்களில், குறிப்பாகப் பிப்ரவரி, மார்ச் வாக்கில், பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி மிக உயர்ந்த ஓதம் (கடல் ஏற்றம்) வரும். கடல் கரையைத் தாண்டி வருவது மட்டுமல்ல. அடியில் இருப்பது ஓட்டை ஓட்டையான பவளக்கல் என்பதால், தீவின் நடுவில் புல்தரையிலேயே உப்புநீர் குமிழி விட்டு மேலே வரும். வீடுகளைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் அந்த நாட்களில் வேடிக்கை பார்க்கவென்று போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

அக்டோபர் 1 சுதந்திர தினம் (1978-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை). அந்த வாரம் ஆட்டமும் பாட்டும் அருமையாக இருக்கும், ஆனால் அறை கிடைக்காது. போவதானால் பல மாதங்கள் முன்பே உறுதி செய்யுங்கள்.

விமானம்: இதில் தவறினால் எல்லாம் தவறும்

நம்பிப் போகக்கூடிய வழி ஃபிஜி வழிதான். ஃபிஜி ஏர்வேஸின் ஏடிஆர் 72 விமானம் ஃபிஜியின் தலைநகர் சுவாவின் நௌசோரி விமான நிலையத்திலிருந்து ஃபுனாஃபூட்டிக்கு வடக்கே சுமார் 1,050 கி.மீ. பறக்கிறது. இரண்டரை மணி நேரம் ஆகும். வாரத்தில் சில நாட்கள் மட்டுமே சேவை. கிழமைகள் மாறிக்கொண்டே இருப்பதால், டிக்கெட் எடுக்கும் அன்றைய அட்டவணையை மட்டும் நம்புங்கள். ஃபுனாஃபூட்டிக்கான நாட்களை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி மற்ற விமானங்களைப் பொருத்த வேண்டும். சென்னையிலிருந்து மலிவான டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் துவாலுவைத் தேடுகிறவர்கள்தான் சுவாவில் மூன்று நாள் வீணாகத் தங்குகிறார்கள்.

சென்னையிலிருந்து எளிய பாதை: சென்னை – சிங்கப்பூர் – நாடி (ஃபிஜி) – சுவா – ஃபுனாஃபூட்டி. சிங்கப்பூரிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் நாடிக்கு ஃபிஜி ஏர்வேஸின் நேரடி விமானங்கள் உண்டு. ஆஸ்திரேலியா வழியாகவோ நியூசிலாந்து வழியாகவோ போனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாட்டின் டிரான்சிட் விசா தேவை. கட்டணமில்லாத விசா என்றாலும் ஆஸ்திரேலியாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்தாக வேண்டும்.

நாடி ஃபிஜியின் முக்கியத் தீவின் மேற்கே, சுவா தென்கிழக்கே. இடையில் அரை மணி நேர விமானம் உண்டு. பேருந்தில் கடற்கரைச் சாலை வழியே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நௌசோரி விமான நிலையம் சுவா நகரத்திலிருந்து 20 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது. ஃபுனாஃபூட்டி விமானத்துக்கு முந்தின இரவு சுவாவிலோ நௌசோரியிலோ கட்டாயம் தங்குங்கள். அன்றே நாடியில் இறங்கி அன்றே மாறிவிடலாம் என்ற திட்டம் காகிதத்தில் சரியாக இருக்கும். முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் துவாலு பயணமே போய்விடும்.

திரும்பும்போதும் இடைவெளி வேண்டும். ஃபுனாஃபூட்டி விமானம் ரத்தானால் அடுத்த சேவைக்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். அதனால் ஃபிஜியிலிருந்து ஊர் திரும்பும் விமானத்துக்கு முன்னால் குறைந்தது மூன்று நாட்களைக் காலியாக வையுங்கள். இந்த மூன்று நாட்கள் வீண் அல்ல. நாடியின் பிரதான சாலைத் தெற்கு முனையில் இருக்கும் சிவசுப்ரமணிய சுவாமி கோவிலைப் பார்க்காமல் வரவேண்டாம். 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் கட்டிக் காக்கும் கோவில் அது.

விசா

ஃபிஜிக்கு இந்தியர்களுக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. வந்திறங்கியதும் அனுமதி தருகிறார்கள். துவாலுவிலும் வந்திறங்கியதும் ஒரு மாத விசா கிடைக்கும். கட்டணம் 100 ஆஸ்திரேலிய டாலர் என்று கணக்கு வைத்து, அதை ரொக்கமாகத் தனி உறையில் போட்டு வையுங்கள். இலங்கை உள்ளிட்ட மற்ற நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஃபிஜி விதிகளை முதலில் பார்க்க வேண்டும். ஃபிஜிக்குள் நுழைய முடியாவிட்டால் துவாலு விசா இருந்தும் பயனில்லை.

காகிதத்தில் அச்சிட்டு எடுத்துச் செல்ல வேண்டியவை: திரும்பும் டிக்கெட், அறை உறுதிக் கடிதம், காப்பீட்டுச் சான்று. பாஸ்போர்ட் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் கவுண்டரில் இருப்பவர் துவாலு விசா விதியைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார். அச்சிட்ட தாள்கள் அங்கேதான் முதலில் கைகொடுக்கும்.

அறை

ஃபுனாஃபூட்டி ஒரு வட்டமான பவளத்தீவுக் கூட்டம். நடுவில் 275 சதுர கிலோமீட்டர் காயல், சுற்றிலும் கழுத்துமணி போலச் சிறு திட்டுகள். மக்கள் வாழும் முக்கியமான திட்டு ஃபோங்காஃபாலே. நீளம் 12 கி.மீ., அகலம் சில இடங்களில் 10 மீட்டர், மிக அகலமான இடத்திலேயே 400 மீட்டர்தான். விமான நிலையம், அரசு அலுவலகங்கள், வங்கி, தபால் நிலையம் எல்லாம் வையாகு பகுதியில் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. அறையையும் அங்கேயே பாருங்கள்.

காயல் ஓரத்தில் ஒரு ஓட்டலும், குடும்பங்கள் நடத்தும் சில லாட்ஜுகளும் உண்டு. மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வரப் பத்து நாள் ஆகலாம். வராவிட்டால் தொலைபேசியில் கூப்பிடுங்கள் (நாட்டுக் குறியீடு 688, நம் நேரத்தைவிட ஆறரை மணி நேரம் முன்னால்). நான்கு விஷயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: தேதிகள், இரவுக்கு எவ்வளவு, சாப்பாடு உண்டா, விமானம் ரத்தானால் அதே அறையில் நீடிக்க முடியுமா. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. விமானம் வராத நாளில் தீவில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அறை தேவைப்படும். வட்டார மாநாடுகள் நடக்கும் வாரங்களில் மொத்த அறைகளும் போய்விடும் என்பதால், பதில் வரும் முன் டிக்கெட் பணத்தைக் கட்டாதீர்கள்.

ரொக்கம்

புழக்கத்தில் இருப்பது ஆஸ்திரேலிய டாலர். துவாலு சொந்தமாக நாணயங்கள் மட்டும் வெளியிடுகிறது, மதிப்பு அதே. நாட்டின் முதல் ஏடிஎம் 2025-ல்தான் வந்தது. இருந்தாலும் உங்கள் கார்டை நம்பிப் போகாதீர்கள். இயந்திரம் உங்கள் கார்டை ஏற்காவிட்டாலோ இணைப்பு அறுந்தாலோ வேறு வழி கிடையாது.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 ஆஸ்திரேலிய டாலர் என்று போட்டு, அதோடு விசாக் கட்டணம், படகுச் செலவு, ஒரு வாரம் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் ஆகும் செலவு ஆகியவற்றையும் சேர்த்து ரொக்கமாகவே கொண்டு செல்லுங்கள். இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு நோட்டாக எடுத்துச் செல்ல 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் அனுமதி இல்லை. ஆஸ்திரேலிய நோட்டுகள் பணமாற்றுக் கடைகளில் கையிருப்பில் இருக்காது என்பதால் ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள். 5, 10, 20 டாலர் நோட்டுகளாகக் கேளுங்கள். 100 டாலருக்கு மளிகைக் கடையில் சில்லறை இருக்காது. உள்ளூர் வங்கி வேலை நாட்களில் பிற்பகலோடு மூடிவிடும். அங்கே ரூபாயை மாற்ற முடியாது.

மூட்டை

ஏடிஆர் சிறிய விமானம். வழியில் இறங்க வேறு இடம் இல்லாததால் கூடுதல் எரிபொருளையும் சுமக்க வேண்டும். எடை மீறினால் முதலில் கழற்றப்படுவது பயணிகளின் பெட்டிகள்தான், அவை அடுத்த விமானத்தில் வரும். எனவே மொத்தம் 15 கிலோவுக்குள் அடக்குங்கள். மருந்து, இரண்டு நாள் உடை, பணம், சார்ஜர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

பவளக்கல்லில் நடக்க ரப்பர் காலணி கட்டாயம், சாதாரணச் செருப்பு போதாது. கொசு விரட்டி, நீளக் கைச்சட்டை, டார்ச், ஆஸ்திரேலிய வகைச் சாய்வு முனைப் பிளக் அடாப்டர் (மின்னழுத்தம் நம்முடையதைப் போலவே), நீர் வடிகட்டி பொருத்திய பாட்டில் ஆகியவையும் வேண்டும். வரைபடத்தை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் உணவு கொண்டுபோக வேண்டும். நிறுவனங்கள் அடைத்து விற்கும் பருப்புப்பொடி, அவல், உடனடி உப்புமா, ரசப்பொடி சரிவரும். வீட்டில் கட்டிய பொட்டலம், விதை, பழம், பால் பொருட்கள் ஃபிஜிச் சோதனையில் பறிபோகும். உணவு எதை வைத்திருந்தாலும் படிவத்தில் ‘ஆம்’ என்று குறியிடுங்கள். மறைத்தால் அபராதம்.

வந்திறங்கிய முதல் நாள்

விமானம் நெருங்கும்போது தீவில் சங்கு ஒலிக்கும். ஓடுபாதையில் நடப்பவர்களும் வண்டிகளும் விலகுவார்கள். 1943-ல் அமெரிக்கப் படை போட்ட இந்தப் பாதை, விமானம் இல்லாத நேரத்தில் ஊரின் விளையாட்டுத் திடல். மாலை ஐந்து மணிக்கு மேல் வாலிபால், கால்பந்து, ரக்பி என்று முழு நீளத்துக்கும் ஆட்டம் நடக்கும், கேட்டால் உங்களையும் சேர்த்துக்கொள்வார்கள். ட்ரோனை மட்டும் எடுக்காதீர்கள். குடியிருப்பு முழுவதும் விமான நிலையத்தை ஒட்டியே இருப்பதால் அனுமதியின்றிப் பறக்கவிட இடமே இல்லை.

அன்றே செய்ய வேண்டியவை மூன்று. துவாலு டெலிகாம் அலுவலகத்தில் சிம் வாங்குவது. விமான அலுவலகத்தில் உங்கள் திரும்பும் டிக்கெட்டையும் தொலைபேசி எண்ணையும் பதிவில் சரிபார்ப்பது. மோட்டார் சைக்கிள் பேசி வைப்பது. வாடகை நாளுக்குப் பத்து டாலரிலிருந்து தொடங்கும். சாலையில் இடதுபுறம் ஓட்ட வேண்டும். பிரேக்கையும் விளக்கையும் சோதித்து வாங்குங்கள். இரவில் நாய்கள் துரத்தும், வேகத்தைக் கூட்டாமல் மெதுவாகக் கடந்து போங்கள்.

தண்ணீரும் சாப்பாடும்

துவாலுவில் ஆறு கிடையாது. நிலத்தடி நீரில் உப்பும் கழிவும் கலந்துவிட்டன. ஒவ்வொரு வீட்டுக் கூரையிலிருந்தும் ஒரு குழாய் இறங்கிப் பெரிய தொட்டியில் சேரும், குடும்பத்தின் குடிநீர் அதுதான். கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரங்களும் உண்டு. ஆனால் 2011-ல் மழை பொய்த்து நெருக்கடி நிலையே அறிவிக்க வேண்டியிருந்தது. எனவே வாளியில் மொண்டு, அரை வாளியில் குளியுங்கள். துணியைத் தினம் துவைக்காதீர்கள். குடிக்கும் நீரை ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டோ வடிகட்டியோ குடியுங்கள். பாட்டில் தண்ணீர் கிடைக்கும், ஆனால் அந்தக் காலி பாட்டில் தீவின் வடமுனைக் குப்பைமேட்டில்தான் போய்ச் சேரும்.

சாப்பாட்டில் சோறும் மீனும் எங்கும் கிடைக்கும். சூரை மீன் தாராளம். பவளப்பாறையில் மேயும் பெரிய மீன்களில் சிகுவாட்டெரா என்ற நஞ்சு இருக்கலாம். சமைத்தாலும் போகாது, ருசியிலும் தெரியாது. வாந்தி, வாயைச் சுற்றி மரமரப்பு, குளிர்ந்தது சுடுவதுபோல் தோன்றுவது ஆகியவை அறிகுறிகள். சீலா, விலாங்கு, பெரிய களவா மீன்களை விட்டுவிட்டுச் சூரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காய்கறி பெரும்பாலும் கப்பலில் வருவதால் கப்பல் தாமதமானால் கடை காலி. தைவான் உதவியுடன் நடக்கும் காய்கறித் தோட்டம் ஒன்று ஃபோங்காஃபாலேயில் உண்டு. விற்பனை நாளை விசாரித்து விடியற்காலையிலேயே வரிசையில் நில்லுங்கள், ஏழு மணிக்கெல்லாம் தீர்ந்துபோகும். உள்ளூர்க் கிழங்கு புலாகா. அகலமான இலையுள்ள ராட்சதச் சேம்பு இது. பவளத்தரையில் ஆள் ஆழத்துக்கு மேல் குழி வெட்டி, அடியில் ஊறும் நன்னீரைத் தொட்டபின் இலைதழை உரம் போட்டு வளர்க்கிறார்கள். உப்புநீர் ஏறிய குழிகளில் இலைகள் மஞ்சளித்து நிற்பதைப் பார்க்கலாம். குழிக்குள் யாரையும் கேட்காமல் இறங்காதீர்கள், ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சொத்து. தென்னம்பாளையைச் சீவி இறக்கும் கலேவேயும் கேட்டுக் குடிக்க வேண்டியது. புதிதாக இறக்கினால் நம் ஊர்த் தெளுவின் ருசி. காய்ச்சிப் பாகாகவும் எடுக்கிறார்கள்.

பார்க்க வேண்டியவை

முதலில் சாலை. வடமுனையிலிருந்து தென்முனை வரை ஒரே நாளில் பார்த்துவிடலாம். காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள், பத்துக்கு மேல் வெயில் தாங்காது. நிலம் குறுகும் இடங்களில் ஒருபுறம் பெருங்கடல் அலை உடைவதும் மறுபுறம் காயல் அசையாமல் கிடப்பதும் ஒரே பார்வையில் தெரியும். கடல் பக்கம் உயர்ந்து கிடக்கும் பவளக்கல் குவியல் 1972 அக்டோபர் 21 அன்று அடித்த பேபே புயல் எறிந்தது. அப்போது 19 கி.மீ. நீளத்துக்குக் கரை எழும்பியது. காயல் பக்கம் வையாகுவில் மணல் நிரப்பி உயர்த்திய ஏழு ஹெக்டேருக்கு மேற்பட்ட புதிய நிலத்தையும் நடந்து பாருங்கள். கடல் மட்டம் ஏறுவதற்கு இந்த நாடு சொல்லும் பதில் அதில் கண்முன் இருக்கிறது. ‘உங்கள் நாடு எப்போது மூழ்கும்’ என்று எதிரில் வருபவரிடம் கேட்காமல் இருப்பது மரியாதை.

1896 முதல் 1898 வரை லண்டன் ராயல் சொசைட்டி இங்கே துளை போட்டு, பவளத்தீவுகள் எப்படி உருவாகின என்ற டார்வினின் கருத்தைச் சோதித்தது. 300 மீட்டருக்கு மேல் போயும் பவளப் பாறையே வந்தது. துளையிட்ட இடத்தை ஊரில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. அஞ்சல் தலை நிலையம், பெண்களின் கைவினை நிலையம் இரண்டுக்கும் ஒரு காலை போதும்.

முழு நாளையும் கொடுக்க வேண்டியது ஃபுனாஃபூட்டி பாதுகாப்புப் பகுதிக்கு. காயலின் மேற்கு ஓரத்தில் 33 சதுர கிலோமீட்டர், ஆறு ஆளில்லாத் திட்டுகள். இங்கே மீன் பிடிக்கத் தடை என்பதால் மீன்கள் ஆளைக் கண்டு ஓடாது. கடல் ஆமைகள், தென்னை நண்டுகள், திட்டுகளில் கூடு கட்டும் கடற்பறவைகள் எல்லாம் உண்டு. ஏற்பாடு இப்படி:

1. வந்த மறுநாளே கௌபுலே என்ற தீவு மன்ற அலுவலகத்தில் கேளுங்கள். கடைசி நாளுக்குத் தள்ளினால் காற்று எழுந்து வாய்ப்புப் போகும்.
2. படகு வாடகையில் பெரும்பங்கு எரிபொருள். தலைக்கு இவ்வளவு என்று பேசாமல் படகுக்கு இவ்வளவு என்று பேசி, நான்கு பேர் சேர்ந்து பகிருங்கள். பகுதிக்கான நுழைவுக் கட்டணம் தனியா என்றும் கேளுங்கள்.
3. ஓத நேரம் பாருங்கள். தண்ணீர் வற்றும்போது பாறைத்தட்டு வெளியே தெரியும், படகு திட்டை நெருங்க முடியாது.
4. ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை, மூன்று லிட்டர் தண்ணீர், சாப்பாடு, தொப்பி. திட்டில் எதுவும் கிடைக்காது.
5. போகும்போது காற்று முதுகில் அடிக்கும், இதமாக இருக்கும். திரும்பும்போது எதிர்க்காற்று, நனையாமல் வர முடியாது. கேமராவை நீர்புகாப் பையில் கட்டி, இரண்டு மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள்.

ஊரை ஒட்டிய காயலில் குளிக்க வேண்டாம், கழிவு கலக்கிறது.

ஊர் வழக்கம்

ஞாயிறு தேவாலயத்துக்கும் ஓய்வுக்கும் உரிய நாள். கடை, படகு எதுவும் இருக்காது. சனிக்கிழமையே உணவு வாங்கி வையுங்கள். தேவாலயத்துக்குள் போகலாம், பாடலைக் கேட்கவே போக வேண்டும். ஆண் பெண் இருபாலரும் முழங்கால் மறையும் உடை அணிவது நல்லது. நீச்சலுடை திட்டுகளில் மட்டும். வணக்கத்துக்கு ‘தலோஃபா’, நன்றிக்கு ‘ஃபகஃபெத்தாய்’. சபை மண்டபத்தில் ஆட்டம் நடக்கும்போது தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள், காலை நீட்ட வேண்டாம்.

உடம்பு

ஒரே மருத்துவமனை பிரின்சஸ் மார்கரெட். பெரிய சிகிச்சைக்கு ஃபிஜிக்குப் பறக்க வேண்டும், அவசர விமான வெளியேற்றம் அடங்கிய காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். டெங்கு உண்டு. பவளம் கீறினால் சின்னக் காயம்தானே என்று விடக்கூடாது. உள்ளே துணுக்கு தங்கி, ஈரப்பதத்தில் இரண்டு நாளில் சீழ் வைக்கும். கொதித்து ஆறிய நீரில் சோப்பால் தேய்த்துக் கழுவி, துணுக்கை எடுத்து, கிருமிநாசினி தடவி, உலரும்வரை கடலில் இறங்காதீர்கள்.

வெளித்தீவுகள்

நானுமேயா, வைத்துபு, நூயி போன்ற தீவுகளுக்கு அரசுக் கப்பல் மட்டுமே. தேதி கடைசி நேரத்தில் மாறும். பாறைத்தட்டுக்கு வெளியே நின்று சிறு படகில் இறக்குவார்கள். திரும்பும் கப்பல் வாரக்கணக்கில் தள்ளிப்போகலாம். ஒரு மாதம் கையில் இல்லாதவர் இதைத் தொடவேண்டாம். தீவுமன்றத்துக்கு முன்பே தகவல் சொல்லி, தங்க வீடு உறுதியான பிறகே ஏறுங்கள்.

திரும்பும் நாள்

முந்தின மாலை விமான அலுவலகத்தில் மீண்டும் உறுதி செய்யுங்கள். காலையில் பெட்டியை எடை போட்டுவிட்டு அறைக்குத் திரும்பி, சங்கு ஒலித்தபின் வந்தாலும் நேரம் இருக்கும் என்று உள்ளூரார் சொல்வார்கள். நீங்கள் அதைச் செய்யாமல் அங்கேயே இருங்கள். வெளியேறும் கட்டணம் கேட்டால் கொடுக்க 30 டாலரை உடைக்காமல் வையுங்கள். மிஞ்சும் துவாலு நாணயங்களை அங்கேயே செலவழியுங்கள், ஃபிஜியில் மாற்ற முடியாது. சிப்பி மாலை வாங்கினால் ஃபிஜியிலும் இந்தியாவிலும் அறிவிக்க வேண்டும். பவளத் துண்டு, ஆமை ஓடு, ராட்சதச் சிப்பி எதையும் எடுக்காதீர்கள், பன்னாட்டு வனவுயிர் வணிகச் சட்டத்தில் சிக்கும். தீர்ந்த பேட்டரிகளையும் பிளாஸ்டிக் உறைகளையும் பெட்டியில் போட்டு ஃபிஜிக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

விமானம் ரத்தானால் முதலில் அறைக்குச் சொல்லுங்கள், பிறகு விமான அலுவலகம், அதன்பின் காப்பீடு. இந்த வரிசையை மாற்றினால் விமான அலுவலக வரிசையில் நின்று முடிப்பதற்குள் உங்கள் அறை வேறொருவருக்குப் போயிருக்கும்.